பிரமிடு பார்க்கப் போகிறீர்களா? கீசாவைக் கடைசியில் வையுங்கள்

எகிப்துக்கு டூர் போட்டுத் தருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் திட்டம் போடுவார்கள். முதல் நாள் காலையிலேயே கீசா. பெரிய பிரமிடு முன்னால் ஒரு படம், ஒட்டகத்தின் மேல் ஒரு படம், ஸ்பிங்க்ஸுக்கு முத்தம் கொடுப்பதுபோல் ஒரு படம், மதியம் அத்தர் கடை. மறுநாள் நேரம் மிஞ்சினால் சக்காரா. தாஷூர் என்ற பெயரே பலருடைய பட்டியலில் இருக்காது.

இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. சக்காராவில் ஜோசர் மன்னனுக்குக் கட்டிய படிக்கட்டுப் பிரமிடு ஏறத்தாழ கி.மு. 2650ஐச் சேர்ந்தது. கீசாவில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு ஏறத்தாழ கி.மு. 2560. இடையில் நூறு வருஷம்தான். அந்த நூறு வருஷத்துக்குள் கல்லை அடுக்கிப் பழகி, சாய்வு பிசகி, பாதிக் கட்டடத்தில் கோணத்தை மாற்றி, அடுத்ததைப் பயந்து பயந்து கட்டி, அதன் பிறகுதான் கீசாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் தடுமாற்றம் முழுக்கச் சக்காராவிலும் தாஷூரிலும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்த்த கண்ணோடு போனால் கீசாவில் எதைப் பார்த்து வியக்க வேண்டும் என்பது தெரியும். கீசாவை முதலில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் இடிந்த கற்குவியல் என்றுதான் தோன்றும்.

இன்னொரு லாபமும் உண்டு. சக்காராவிலும் தாஷூரிலும் கூட்டம் குறைவு, தொந்தரவு குறைவு. ஒட்டகக்காரர்களையும் 'பக்‌ஷீஷ்' என்று இனாம் கேட்கிறவர்களையும் சமாளிக்க அங்கே பழகிக்கொண்டால் கீசாவில் மிரள மாட்டீர்கள்.

எத்தனை நாள், எந்த மாதம்

பிரமிடுகளுக்கு மட்டும் இரண்டு முழு நாள் வையுங்கள். அருங்காட்சியகத்துக்கு மூன்றாவது நாள். இதைவிடக் குறைத்தால் காரில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகமாகும்; கெய்ரோவின் போக்குவரத்து நெரிசல் அப்படி.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் கூட்டம் அதிகம். காலையில் பாலைவனக் காற்று நன்றாகவே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். மார்ச்சிலிருந்து மே வரை 'கம்சீன்' என்ற மணற்காற்று சில நாட்களில் அடிக்கும். அன்றைக்கு வானமே மஞ்சளாகிவிடும், நூறடி தள்ளி நிற்கும் பிரமிடு மங்கலாகத்தான் தெரியும். அந்த நாளை அருங்காட்சியகத்துக்கு மாற்றிக்கொள்ள வசதியாகத் திட்டத்தைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் 35 டிகிரிக்கு மேல். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதில்லை, ஆனால் அங்கே ஒதுங்க மரம் கிடையாது.

ரமலான் மாதத்தில் போகக் கூடாது என்றில்லை. தொல்லியல் தளங்களைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் சாலையெல்லாம் வெறி பிடித்தாற்போல் ஓடும், உங்கள் டிரைவரும் வீட்டுக்குப் போகத் துடிப்பார். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும். எகிப்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாளும் உள்ளூர்க் குடும்பங்கள் கீசாவுக்கு வரும் என்பதால் கீசாவை ஞாயிறு முதல் வியாழனுக்குள் வையுங்கள்.

விசா, விமானம், பணம்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கெய்ரோவில் இறங்கி விசா வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் கிளம்ப வேண்டாம். அந்த வசதி எல்லோருக்கும் கிடையாது. ஊரிலேயே விசாவை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகிறவர்களுக்கு துபாய், தோஹா, அபுதாபி போன்ற வளைகுடா ஊர்களில் மாறிப்போவதே எளிது.

பணம் விஷயத்தில் இரண்டு ஏற்பாடு தேவை. ஒன்று, வெளிநாட்டில் வேலை செய்யும் வங்கி அட்டை. முக்கியமான தொல்லியல் தளங்களின் கவுன்டர்களில் டிக்கெட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான். கிளம்புமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். கையில் கட்டுக்கட்டாகப் பவுண்டு இருந்தும் கவுன்டர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். இரண்டு, சில்லறை. 10, 20, 50 எகிப்தியப் பவுண்டு நோட்டுகள் ஒரு கற்றை தனியாக ஒரு பையில் இருக்கட்டும். கழிப்பறைக்கு, தண்ணீருக்கு, உண்மையிலேயே உதவி செய்த காவலாளிக்கு. 200 பவுண்டு நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்ற பதில்தான் வரும்.

டிக்கெட் விலையை இங்கே எழுதவில்லை. எகிப்தில் அதை அடிக்கடி ஏற்றுகிறார்கள், பழைய விலையை நம்பிப் போனால் கவுன்டரில் சண்டைதான் மிஞ்சும். சுற்றுலா–தொல்பொருள் அமைச்சகத்தின் டிக்கெட் தளத்தில் முந்தின நாள் பார்த்துவிடுங்கள், அங்கேயே வாங்கவும் செய்யலாம். எகிப்தியர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு அதிக விலை என்பதை மட்டும் மனதைத் தேற்றிக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள். மாணவர் அடையாள அட்டை செல்லுபடியாக இருந்தால் பெரும்பாலும் பாதி விலை.

வண்டி பேசுவது

முதல் நாள் பயணத்துக்குத் தனிக் கார் வேண்டும். கெய்ரோவிலிருந்து சக்காரா தெற்கே சுமார் 30 கிலோமீட்டர், தாஷூர் அதற்கும் அப்பால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஊபரில் போய் இறங்கிவிடலாம், திரும்பி வரத்தான் வண்டி கிடைக்காது. தாஷூரில் இறங்கிப் பார்த்தால் மணலும் இரண்டு பிரமிடும் ஒரு காவல் கொட்டகையும்தான் இருக்கும்.

அதனால் ஓட்டல் மூலமாகவோ தெரிந்தவர் மூலமாகவோ ஒரு முழு நாளுக்கு வண்டியைப் பேசுங்கள். பேசும்போதே நான்கு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: போகும் இடங்களின் பெயர், எத்தனை மணிவரை, காத்திருக்கும் நேரமும் பார்க்கிங்கும் சேர்த்தா இல்லையா, அப்புறம் மிக முக்கியமாக, கடை எதுவும் வேண்டாம். சக்காரா சாலை நெடுக 'கம்பளப் பள்ளி'களும் பப்பிரஸ் என்கிற நாணல் தாள் விற்கும் கடைகளும் இருக்கின்றன. அங்கே உங்களை இறக்கிவிட்டால் டிரைவருக்குக் கமிஷன். கம்பளம் வாங்கும் எண்ணம் இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் ஒரு கோப்பை செம்பருத்தி டீயைக் குடித்துவிட்டு எழுந்து வர முடியாமல் ஒரு மணி நேரம் போய்விடும்.

வழிகாட்டி வேண்டுமா? சக்காராவுக்கு வேண்டும் என்பேன். உரிமம் பெற்ற, எகிப்தியல் படித்தவராக இருக்கட்டும். கீசாவுக்கு நீங்களே முன்கூட்டிப் படித்துவிட்டுப் போனால் சமாளிக்கலாம். வழிகாட்டிகள் பெரும்பாலும் பிரமிடுக்குள் கூட வரமாட்டார்கள், வெளியிலேயே விளக்கிவிட்டு உங்களை மட்டும் உள்ளே அனுப்புவார்கள்.

முதல் நாள் காலை: சக்காரா

கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். டிக்கெட் அலுவலகம் கீழே வாசலில், பிரமிடுகள் மேலே மேட்டில். எதெல்லாம் பார்க்கப் போகிறோம் என்று வாசலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் ஜோசர் பிரமிடின் உட்புறம், செரபேயம் என்ற நிலவறை போன்றவற்றுக்குப் பொதுச் சீட்டு போதாது, தனிச் சீட்டு. மேலே போன பிறகு ஆசை வந்தால் மறுபடி கீழே இறங்கி வரவேண்டும்.

ஜோசர் வளாகத்துக்குள் நுழையும் வழியில் ஒரு தூண் மண்டபம் இருக்கிறது. எல்லோரும் பிரமிடைப் பார்க்கும் அவசரத்தில் இதை விறுவிறுவென்று கடந்துபோவார்கள். நீங்கள் நில்லுங்கள். தூண்கள் தனியாக நிற்கவில்லை, ஒவ்வொன்றும் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். அண்ணாந்து பார்த்தால் கூரைக் கல்லை மரக்கட்டைகள் வரிசையாகப் போட்டதுபோல் உருட்டி உருட்டிச் செதுக்கியிருப்பார்கள். வாசலில் திறந்து வைத்த கதவு ஒன்று இருக்கும். அதுவும் கல், எந்தக் காலத்திலும் மூடியதில்லை. அதுவரை மரத்திலும் நாணலிலும் மண்செங்கல்லிலும் கட்டிப் பழகிய கைகள் முதன்முதலாக இவ்வளவு பெரிய அளவில் கல்லை எடுத்திருக்கின்றன. கல் தனியாக நிற்கும் என்ற தைரியம் இன்னும் வரவில்லை, மரத்தின் வடிவமும் கையை விட்டுப் போகவில்லை.

பிரமிடும் அப்படித்தான் வளர்ந்தது. முதலில் 'மஸ்தபா' என்கிற தட்டையான கல்லறை மேடையாகத் தொடங்கி, பக்கவாட்டில் பெருக்கி, அதன் மேல் நான்கு படி ஏற்றி, கடைசியில் ஆறு படிகளாக 62 மீட்டர் உயரத்துக்கு முடித்தார்கள். இதைக் கட்டியவராகச் சொல்லப்படுபவர் இம்ஹோடெப். பிற்காலத்தில் எகிப்தியர்கள் அவரைக் கடவுளாகவே கும்பிட்டார்கள். பதினான்கு வருஷ மராமத்துக்குப் பின் 2020 மார்ச்சில் உட்புறத்தைத் திறந்திருக்கிறார்கள். நடுவில் பெரிய கிணறுபோல் இறங்கும் குழியை மேலிருந்து எட்டிப் பார்க்கலாம்.

வடக்குப் பக்கம் போனால் சாய்வாக ஒரு கல் பெட்டி, கண் உயரத்தில் இரண்டு ஓட்டை. குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்தால் உள்ளேயிருந்து ஜோசரின் முகம் உங்களைப் பார்க்கும். நகல்தான், மூலச் சிலையைக் கெய்ரோ அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அந்த ஓட்டைகள் நாம் உள்ளே பார்ப்பதற்காகப் போட்டவை அல்ல. மன்னன் வெளியே, வடவானத்து நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காக.

அடுத்து தேதி மன்னனின் பிரமிடு. வெளியே பார்த்தால் மண்மேடு, கார் டிரைவரே 'இதுவா?' என்று கேட்பார். உள்ளே போங்கள். கூரை முழுக்க நட்சத்திரம், சுவர் முழுக்க எழுத்து. கீசாவின் பெரிய பிரமிடுக்குள் அலங்கார எழுத்து ஒரு வரிகூடக் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பிரமிடுக்குள் மந்திரங்களைப் பொறிக்கும் வழக்கம் அதற்கு இருநூறு வருஷம் கழித்து, கி.மு. 2350 வாக்கில், இதே சக்காராவில் உனாஸ் மன்னனின் பிரமிடில்தான் தொடங்கியது. தேதி அவனுக்கு அடுத்து வந்தவன்.

பக்கத்திலேயே மெரெருக்கா என்ற அமைச்சரின் கல்லறை. முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். மன்னர் கல்லறையில் கடவுளும் மந்திரமும்தான். அதிகாரி கல்லறையில்தான் ஊர் உலகம் இருக்கிறது. மீன் பிடிக்கிறார்கள், நீர்யானையைக் குத்துகிறார்கள், கழுதைப்புலியைப் படுக்கப்போட்டு வாயில் தீனி திணிக்கிறார்கள். ஒரு சுவரில் வரிக் கணக்குச் சரியாக ஒப்படைக்காத ஊர்த் தலைவர்களைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வருகிறார்கள், ஒருவனைக் கம்பத்தில் கட்டி அடிக்கிறார்கள், எதிரே எழுத்தர்கள் சாவகாசமாக உட்கார்ந்து குறித்துக்கொள்கிறார்கள். நாலாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தின தாசில்தார் ஆபீஸ். உள் மண்டபத்தில் மெரெருக்காவே கல்வாசலிலிருந்து இறங்கி வருவதுபோல் முழு உருவச் சிலையாக நிற்கிறார். சக்காராவில் ஒரே ஒரு கல்லறைக்குத்தான் நேரம் என்றால் இதுதான்.

நேரம் மிச்சமிருந்தால் செரபேயம். ஆப்பிஸ் என்ற புனிதக் காளைகளைப் புதைத்த நிலவறை. இருட்டுச் சுரங்கத்தின் இரு பக்கமும் ஆளை விட உயரமான கல் பெட்டிகள். மணலில் ஒரு ஸ்பிங்க்ஸ் தலை துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, பழைய கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோவின் குறிப்பு ஞாபகம் வந்து, பிரெஞ்சுக்காரர் ஒகஸ்ட் மரியத் 1850களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தது.

மெம்பிஸ் போகலாமா என்று டிரைவர் கேட்பார். பழைய தலைநகரம், படுத்த நிலையில் பிரம்மாண்டமான ராம்செஸ் சிலை, அவ்வளவுதான். நான் விட்டுவிடுவேன்.

முதல் நாள் மதியம்: தாஷூர்

சாப்பாட்டைச் சக்காரா சாலையிலேயே முடித்துவிடுங்கள், தாஷூரில் தண்ணீர் பாட்டில் கிடைப்பதே அதிர்ஷ்டம். 1996 வரை இது ராணுவப் பகுதியாக இருந்ததால் இன்னும் அமைதியாகக் கிடக்கிறது.

இங்கே இருக்கும் இரண்டு பெரிய பிரமிடுகளும் ஒரே மன்னனுடையவை. பெயர் ஸ்னெஃபரு, கூஃபுவின் அப்பா. முதலில் கட்டியதுதான் வளைந்த பிரமிடு. கீழ்ப்பாதி 54 டிகிரிச் சாய்வில் செங்குத்தாக ஏறும், பாதியில் சட்டென்று 43 டிகிரிக்கு மடங்கும். கட்டிக்கொண்டிருக்கும்போதே அடித்தளம் இறங்கி, உள்ளறைகளில் விரிசல் விட்டதால் பாரத்தைக் குறைக்கக் கோணத்தை மாற்றினார்கள் என்பதுதான் அறிஞர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். எகிப்தில் உள்ள பிரமிடுகளில் வெளிப்பூச்சுக் கல் மிக அதிகமாக மிஞ்சியிருப்பதும் இதில்தான். மூலைப் பக்கம் நின்று பாருங்கள், கல்லும் கல்லும் சேரும் இடத்தில் விரல் நகம்கூட நுழையாது. கட்டி முடித்த காலத்தில் கீசாவும் இப்படித்தான் வழவழவென்று இருந்திருக்கும்.

அடுத்தது சிவப்புப் பிரமிடு. இதை அடியிலிருந்து உச்சிவரை 43 டிகிரியிலேயே கட்டினார்கள். சூடு கண்டுவிட்டார்கள். தட்டையாக, கொஞ்சம் உட்கார்ந்தாற்போல் தெரியும். ஆனால் நேரான நான்கு பக்கமும் சேர்ந்த முதல் உண்மையான பிரமிடு இதுதான். உயரம் ஏறத்தாழ 105 மீட்டர்.

உள்ளே போவது எப்படி என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வடக்கு முகத்தில் வெளிப்படிகளில் சுமார் 28 மீட்டர் ஏற வேண்டும். மேலே காவலாளி இருப்பார். தோள்பையை டிரைவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தால் நல்லது, பையோடு குனிய முடியாது. அங்கிருந்து 60 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சாய்வுப் பாதை நேராகக் கீழே இறங்கும். உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. தரையில் மரப்பலகை, அதில் குறுக்கே சட்டம் அடித்திருக்கும், இரு பக்கமும் கைப்பிடி. முன்பக்கமாகக் குனிந்து இறங்கினால் முதுகு பிடிக்கும். திரும்பிக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாக இறங்குவது முழங்காலுக்கு நல்லது. எதிரே யாராவது ஏறி வந்தால் ஒதுங்க இடமில்லை, அதனால் இறங்குமுன் கீழே ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே போனதும் மூக்கில் அம்மோனியா நெடி அடிக்கும். நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேல் சுவர்கள் படிப்படியாக நெருங்கி, பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் போய்ச் சேரும். விளக்கு வெளிச்சம் மங்கல், கூட்டம் அநேகமாக இருக்காது. இரண்டாவது அறையின் கோடியில் மரப்படி ஏறினால் மூன்றாவது அறை. தரைக் கல்லைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள், புதையல் திருடர்கள் வேலை. திரும்பி மேலே ஏறும்போதுதான் தொடை எவ்வளவு வேலை செய்தது என்பது தெரியும். மறுநாள் படிக்கட்டைப் பார்த்தால் பயம் வரும்.

இதய நோய், ஆஸ்துமா, முழங்கால் வலி, மூடிய இடத்தில் பயம் உள்ளவர்கள் எந்தப் பிரமிடுக்குள்ளும் போக வேண்டாம், வெளியிலிருந்து பார்த்தாலே போதும். மற்றவர்களுக்கு இது நல்ல ஒத்திகை. பெரிய பிரமிடுக்குள் போகத் தனியாகக் கனமான கட்டணம் கட்ட வேண்டும், இங்கே உட்புறம் நுழைவுச் சீட்டிலேயே அடக்கம். இங்கேயே மூச்சு முட்டினால் கீசாவில் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

இரண்டாம் நாள்: கீசா

கீசாவில் 2025 முதல் ஏற்பாடு மாறிவிட்டது. இப்போது பார்வையாளர்களுக்கான பிரதான நுழைவாயில் ஃபாயூம் சாலைப் பக்கம். டிரைவரிடம் 'பிரமிட்ஸ்' என்று மட்டும் சொன்னால் பழைய வாசலுக்குக் கொண்டுபோய்விடக்கூடும். 'ஃபாயூம் ரோடு கேட்' என்று சொல்லுங்கள். உள்ளே சொந்த வண்டி போகாது. மின்சாரப் பேருந்துகள் ஒவ்வொரு நிறுத்தமாகச் சுற்றி வரும், எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம்.

வாசலுக்கு முன்னாலுள்ள சாலையில் யாராவது காரை மறித்து, அடையாள அட்டை போல் ஒன்றைக் காட்டி, 'இனி கார் போகாது, இங்கே இறங்கிக் குதிரை வண்டியில் போங்கள்' என்றால் நம்பாதீர்கள். கண்ணாடியை இறக்காமல் நேரே போகச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் கூட்டம் சேருமுன் முதலில் கூஃபு. இன்று நாம் நுழைவது மன்னனுக்காகக் கட்டிய வாசல் அல்ல. அது மேலே தெரியும். நாம் போவது 9ஆம் நூற்றாண்டில் கலீபா அல்-மாமூன் காலத்தில் குடைந்ததாகச் சொல்லப்படும் சுரங்கம். அதன்பின் குனிந்தபடி ஏறும் குறுகல் பாதை சுமார் 40 மீட்டர். அது முடிந்து நிமிர்கிற இடத்தில் பெரும் கூடம் தொடங்கும். 47 மீட்டர் நீளம், எட்டரை மீட்டர் உயரம், இரு சுவரும் ஏழு அடுக்காக உள்நோக்கிச் சாய்ந்து ஏறும். நேற்றுச் சிவப்புப் பிரமிடில் பார்த்த அதே உத்திதான். அப்பன் அறைக்குச் செய்ததை மகன் ஏறுபாதைக்குச் செய்திருக்கிறான். கட்டணத்துக்கு மதிப்பு இந்தக் கூடம்தான். கைப்பிடியை விட்டுவிடாமல் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், பின்னால் வருகிறவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

மேலே மன்னன் அறை: பத்தரை மீட்டருக்கு ஐந்தேகால் மீட்டர், சுவர், தரை, கூரை எல்லாம் அஸ்வானிலிருந்து நைல் வழியாக வந்த செந்நிறக் கிரானைட். ஒரு மூலையில் மூடியில்லாத கல் பெட்டி. மம்மி கிடையாது, ஓவியம் கிடையாது. இதைப் பார்க்கவா இத்தனை பணம் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பெட்டி வந்த வழியைவிட அகலமானது என்பதை அப்போது நினைத்துப் பாருங்கள். அறையைக் கட்டும்போதே அதை உள்ளே வைத்து, மேலே கூரையைப் போட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்து அடிவாரத்தில் ஒரு சுற்று நடங்கள். ஒரு பக்கம் 230 மீட்டர். கட்டிய காலத்தில் உயரம் 146 மீட்டருக்கு மேல். வெளிப்பூச்சும் உச்சியும் போய் இப்போது 138 மீட்டர் சொச்சம். கற்கள் ஏறத்தாழ 23 லட்சம். மெரெர் என்ற மேற்பார்வையாளர் நைலின் எதிர்க்கரையில் துரா குவாரியிலிருந்து வெண்சுண்ணக் கல்லைப் படகில் கொண்டுவந்து இறக்கிய நாள்குறிப்பு, செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் கிடைத்தது. கூஃபு காலத்துப் பப்பிரஸ்; எழுத்துள்ள பப்பிரஸில் இதுவரை கிடைத்தவற்றுள் இதுதான் மிகப் பழையது. வேற்றுக்கிரகவாசி கட்டினான் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். கட்டியவர்களின் குடியிருப்பும் கல்லறைகளும் ஸ்பிங்க்ஸுக்குத் தெற்கே தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவு பெரிய மலையை எழுப்பிக்கொண்ட கூஃபுவுக்கோ உறுதியாக அவனுடையது என்று சொல்லத்தக்க முழுச் சிலை ஒன்றுதான் மிஞ்சியது. தந்தத்தில், ஏழரை சென்டிமீட்டர்.

நடுவிலிருக்கும் காஃப்ரே பிரமிடு பார்வைக்குக் கூஃபுவைவிட உயரம். மேட்டில் நிற்பதாலும் சாய்வு கொஞ்சம் செங்குத்து என்பதாலும் அப்படி. உச்சியில் தொப்பிபோல் ஒட்டிக்கொண்டிருப்பது பழைய வெளிப்பூச்சுக் கல். அதற்கும், மூன்றாவதான சிறிய மென்கௌரே பிரமிடுக்கும் உட்புறத்தை மாற்றி மாற்றித் திறப்பது வழக்கம். காஃப்ரே திறந்திருந்தால், கல்லறைச் சுவரில் இத்தாலியர் பெல்சோனி 1818 மார்ச் 2ஆம் தேதி தான் கண்டுபிடித்ததாகக் கொட்டை எழுத்தில் தீட்டிவைத்திருப்பதைப் பார்க்கலாம். சுவரில் பேர் எழுதும் வியாதி நமக்கு மட்டும் சொந்தமில்லை. மென்கௌரேயின் வடக்கு முகத்தில் செங்குத்தாக ஒரு பெரிய வெட்டு. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுல்தான் சலாதீனின் மகன் பிரமிடை இடிக்க ஆள் வைத்து, மாதக்கணக்கில் பாடுபட்டுக் கைவிட்டதன் தழும்பு.

பனோரமா மேட்டில் படம் எடுக்கப் பிற்பகல் நல்லது. ஸ்பிங்க்ஸை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள், காஃப்ரேயின் பள்ளத்தாக்குக் கோயில் வழியாக அதற்குப் போக வேண்டும். 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம், இருந்த இடத்துப் பாறையிலேயே செதுக்கியது. கைபேசியில் படம் எடுக்கத் தடையில்லை. ட்ரைபாட் என்றால் அனுமதி கேட்பார்கள். பிரமிடு மேல் ஏறுவது குற்றம், ஜெயில்வரை போகும்.

ஒட்டகமும் பக்‌ஷீஷும்

நீங்கள் இந்தியர் என்று தெரிந்ததும் 'அமிதாப் பச்சன்!' என்று ஒரு குரல் வரும். எகிப்தில் அவருக்கு உண்மையிலேயே ரசிகர்கள் உண்டு, அன்பாகத்தான் சொல்வார்கள். அதற்கு அடுத்த வரி 'கம், மை ஃபிரெண்ட், ஃப்ரீ' என்று இருந்தால் நடையைக் கட்டுங்கள். தலையில் துண்டைக் கட்டிவிட்டு 'கிஃப்ட்' என்பார், ஒரு படம் எடுத்துத் தருவார், இரண்டு நிமிஷத்தில் கிஃப்டுக்கு விலை வரும். 'லா, ஷுக்ரன்' (வேண்டாம், நன்றி) என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கண்ணைப் பார்க்காமல் போவதே மரியாதையான பதில். நின்று விளக்கம் சொன்னால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒட்டகச் சவாரி ஆசை இருந்தால் ஏறுமுன்னே பேசுங்கள்: எவ்வளவு, எந்த நாணயம், எத்தனை நிமிஷம், ஆளுக்கா ஒட்டகத்துக்கா. கடைசியாக, 'இறங்குவதும் சேர்த்துத்தானே?' என்று கேளுங்கள். சிரிப்பார். ஆனால் ஏற ஒரு விலை, பாலைவன நடுவில் இறங்க ஒரு விலை என்ற வித்தை பழையது, கேட்டால்தான் நடக்காது. பணத்தை இறங்கிய பிறகு கொடுங்கள். புண்ணோடு, எலும்பு தெரியும் விலங்காக இருந்தால் ஏறாதீர்கள்.

மூன்றாம் நாள், சாப்பாடு, இன்ன பிற

பிரமிடுகளிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய பெரும் எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்துவிட்டது. துட்டன்காமன் கல்லறைப் பொருட்கள் ஐயாயிரத்துக்கு மேல், அத்தனையும் ஒரே இடத்தில். நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள், நேரில் போய் நின்றால் ஏமாற்றம்தான். தனிக் கூடத்தில் வைத்திருக்கும் கூஃபுவின் தேவதாரு மரப் படகைத் தவறவிடாதீர்கள். 1954இல் பிரமிடின் தெற்குப் பக்கக் குழியில் 1,224 துண்டுகளாகக் கிடைத்தது, சேர்த்துக் கட்டினால் 43 மீட்டர்.

சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு எல்லாம் கலந்த குஷாரி எந்தத் தெருவிலும் கிடைக்கும். காரத்துக்கு 'ஷத்தா' என்று கேளுங்கள். 'தமேயா' என்கிற பருப்பு வடையும் 'ஃபூல்' என்கிற மொச்சைக் கூழும் காலை உணவு. தண்ணீர் பாட்டில் தண்ணீர்தான். பிடிப்புள்ள மூடிய ஷூ, தொப்பி, தளர்ந்த பருத்தி உடை. பெண்கள் தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டால் வீண் பார்வைகள் குறையும்.

கெய்ரோவில் ஒரே பகல்தான், இரவு விமானம் என்றால் மட்டும் மேலே சொன்ன வரிசையை விட்டுவிட்டு இப்படிச் செய்யுங்கள். காலையில் திறக்கும்போதே கீசா; உள்ளே எந்தப் பிரமிடுக்கும் நுழையாமல் இரண்டு மணி நேரம் வெளியே மட்டும் சுற்றிவிட்டு வாருங்கள். அப்புறம் நேரே தாஷூர், சிவப்புப் பிரமிடுக்குள் இறங்கி ஏறி, வளைந்த பிரமிடை ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். வழியில் சக்காராவில் நிறுத்தினால் ஜோசரின் தூண் மண்டபம் மட்டும். விமான நிலையம் நகரத்துக்குக் கிழக்குக் கோடியில், நீங்கள் இருப்பது மேற்குக் கோடியில். மாலை நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள்.